தோற்றால் யார் தலையில் விடியும்?

2021 சட்டமன்றத் தேர்தலில் திருப்போரூர் தொகுதியின் முடிவு 1,947 வாக்குகளில் தீர்ந்தது. திமுக அணியில் இருந்த விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் (விசிக) எஸ்.எஸ். பாலாஜி பானைச் சின்னத்தில் வென்றார். அதிமுக, பாஜக அணியில் இருந்த பாட்டாளி மக்கள் கட்சியின் (பாமக) திருக்கச்சூர் ஆறுமுகம் மாம்பழச் சின்னத்தில் தோற்றார். மூன்றாவதாக வந்த நாம் தமிழர் கட்சிக்கு 20,000க்கு மேல் விழுந்திருந்தது. வெற்றி வித்தியாசத்தைப் போலப் பத்து மடங்கு. மக்கள் நீதி மய்யமும் அமமுகவும் ஆளுக்குச் சில ஆயிரங்கள் வாங்கியிருந்தன. மாமல்லபுரமும் திருக்கழுக்குன்றமும் கோவளமும் அடங்கிய தொகுதி இது. முடிவு வந்த நாளிலிருந்து இங்கே டீக்கடைகளில் ஒரு பேச்சு ஓயாமல் நடந்தது. அந்த இருபதாயிரம் பேர் ஓட்டை வீணடித்தார்களா, இல்லை அவர்கள்தான் மனசாட்சிப்படி போட்டவர்களா?

அன்று பொத்தானை அழுத்திய பெரும்பாலோருக்கு மனசுக்குப் பிடித்ததும் கைக்கு எட்டியதும் ஒன்றாக இருக்கவில்லை. தலைமுறையாக உதயசூரியனுக்குப் போட்ட திமுக குடும்பத்துக்கு இயந்திரத்தில் சூரியனே இல்லை; பானையைத் தேட வேண்டும். அது வன்னியர் குடும்பமாக இருந்தால் எதிரே நிற்பது சொந்தச் சாதியின் கட்சி. போதாததற்குத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில்தான் வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டமும் சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தது. எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இரட்டை இலையைத் தவிர வேறொன்றைத் தொட்டறியாத சேரிப் பாட்டிக்கு இலை இருந்த இடத்தில் மாம்பழம். பாஜக இருக்கும் அணிக்கு எதிராகப் போட நினைத்த கோவளத்து முஸ்லிம், விசிகவின் மற்ற நிலைப்பாடுகளை ஏற்றாரோ இல்லையோ, பானைக்குத்தான் போட வேண்டியிருந்தது.

இந்தக் கடற்கரைக்கு வேறொரு நினைவும் உண்டு. 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கத்தின் சித்திரை முழுநிலவு விழா நடந்தது. அதற்கு வந்தவர்களுக்கும் மரக்காணம் பகுதித் தலித் மக்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் விழாவுக்கு வந்த இரண்டு பேர் இறந்தார்கள். தலித் குடிசைகள் எரிந்தன. எட்டு ஆண்டு கழித்து அதே கடற்கரைத் தொகுதியில், அதுவும் ஒரு பொதுத் தொகுதியில், விசிகவும் பாமகவும் நேருக்கு நேர் நின்றன. இரு தரப்பு வாக்காளரும் தங்களுக்குப் பிடித்தவரைத் தேடியதைவிட, யார் வந்துவிடக் கூடாது என்றுதான் அதிகம் யோசித்தார்கள் என்று சொன்னால் தவறில்லை.

இப்படி யோசிப்பதை நம் ஊரில் ‘ஓட்டைக் கணக்குப் பார்த்துப் போடுவது’ என்கிறோம். கணக்குப் பார்க்காமல் போடுகிறவரை ஒரு சாரார் கொள்கைக்காரர் என்கிறார்கள்; இன்னொரு சாரார் ஓட்டைப் பிரிக்கிறவர் என்கிறார்கள். இரண்டு பட்டத்திலும் அவசரம் இருக்கிறது. எது சரி என்று தீர்ப்பதற்கு முன் கேட்டாக வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருப்பதாக நினைக்கிறேன்.

*

வாக்குச்சாவடியில் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நாம் தனியாக நிற்பது அரை நிமிடம்கூட இருக்காது. நீலப் பொத்தானை அழுத்தியதும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். அடுத்திருக்கும் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு துண்டுச்சீட்டு ஏழு நொடி தெரியும். அதில் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் இருக்கும். பிறகு அது அறுந்து உள்ளே விழும். நீளமாக ஒரு ‘பீப்’ சத்தம் கேட்டால் வேலை முடிந்தது. அடுத்த ஆள் வரலாம்.

அந்தச் சீட்டில் காரணம் எழுத இடமில்லை. கட்சிக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவரின் சீட்டும், எதிராளி வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போட்டவரின் சீட்டும், முதல் நாள் இரவு கவர் வாங்கியவரின் சீட்டும் ஒரே அளவு, ஒரே எடை. வென்றவர் மாலையும் கழுத்துமாக மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சேர்த்து மக்கள் என் மீது வைத்த நம்பிக்கை என்பார். நம்பிக்கையே இல்லாமல் போட்டவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். அங்கே எழுந்து நின்று ‘ஐயா, நான் உங்களை நம்பிப் போடவில்லை’ என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

கொள்கைக்குப் போட்டவருக்கும் இதே கதிதான். மூன்றாம் இடத்துக்குப் போன 20,000 ஓட்டில் கொள்கைப் பிடிப்பு எவ்வளவு, இரு பெரிய அணிகள் மீதான கோபம் எவ்வளவு, புதியவருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்ப்போம் என்ற எண்ணம் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டாவும் அப்படித்தான். அதற்கு முன் ‘49 ஓ’ என்று சொல்லி, அதிகாரி முன் கையெழுத்துப் போட்டு, ஊர் பார்க்க மறுப்பைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. நோட்டா அந்த மறுப்புக்கு ரகசியம் கொடுத்தது. ஆனால் பலம் கொடுக்கவில்லை. ஒரு தொகுதியில் நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து வந்த வேட்பாளரே சட்டமன்றம் போவார்.

ஆக, ஓட்டு ஊமை. யார் வர வேண்டும் என்பதைத் தீர்க்க அதனால் முடியும். நான் யார் என்பதைச் சொல்ல முடியாது. அதைச் சொல்லும் என்று நம்பிப் போடுகிறவர் ஏமாறுவார்.

*

2016 தேர்தல் சமயத்தில், திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துச் சேரி ஒன்றில் ஒரு தாயும் மகனும் வாதாடியதைக் கேட்டேன். தாய் நூறு நாள் வேலை முடிந்து வந்து மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மகன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு மறைமலைநகர்ப் பக்கம் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டிருந்தான். விசிகவும் மதிமுகவும் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் சேர்ந்த மக்கள் நலக் கூட்டணிக்குத்தான் இந்த முறை என்பது அவன் கட்சி. அது கெலிக்காது என்பது அவர் கட்சி.

“கெலிக்காத ஆளுக்குப் போட்டு இன்னாத்துக்குடா? நாளைக்கு ரோட்டுக்கு, தண்ணிக்கு யாராண்ட போயி நிப்ப?”

“எம்மா, அவனுக்குப் பயந்து இவனுக்குப் போடறோம். அடுத்த வாட்டி இவனுக்குப் பயந்து அவனுக்குப் போடறோம். நமக்குன்னு எப்பம்மா போடறது?”

அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. நான் அவன் பக்கம் சாய்ந்து ஏதோ பேசப்போக, என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுவீங்க சார். தோத்துட்டா நீங்க பேப்பர்ல படிச்சிட்டு உச்சு கொட்டுவீங்க. எங்க தலைல இல்ல விடியும்? மறுநாளு வேலைக்குப் போவ சொல்லவே தெரிஞ்சிடும் சார், யாரு கெலிச்சான்னு.”

ஓட்டுப் பற்றி நான் படித்த எதைவிடவும் அந்தப் பேச்சு எனக்குத் தெளிவு தந்தது. கொள்கையா கணக்கா என்று கேட்கும்போது நாம் வாக்காளரின் மனசை மட்டும் பார்க்கிறோம். அவருடைய ஓட்டு தோற்றால் அதன் விலையை யார் கொடுப்பது என்று பார்ப்பதில்லை. ரேஷன் கடையும் அரசு மருத்துவமனையும் நூறு நாள் வேலையும் தேவைப்படாத ஒருவர் தோற்கப்போகும் நல்லவருக்குப் போடலாம். மறுநாள் அவர் வீட்டில் ஒன்றும் மாறாது. அந்த ஓட்டால் வரும் நஷ்டம் அவரைத் தாண்டிப் போய் வேறு யார் மீதோ விழும். நஷ்டத்தைத் தானே சுமக்கப்போகிறவர் தெரிந்தே அதே ஓட்டைப் போட்டால் அதன் மதிப்பு வேறு. சின்னமும் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதே சமயம் மகனின் கேள்வியைத் தட்டிக் கழிக்கவும் முடியாது. பயத்துக்குப் போடும் ஓட்டு ஒருமுறையோடு நிற்பதில்லை. பயம் இருக்கும்வரை இந்தச் சனம் எங்கே போய்விடும் என்று கட்சிகள் தெரிந்துகொள்கின்றன. தெரிந்தபின் அந்தச் சனத்துக்குச் செய்ய வேண்டியது குறைந்துகொண்டே போகிறது. கணக்குப் பார்த்துப் போடுகிறவர் அந்தந்தத் தேர்தலில் சரியாகப் போட்டுக்கொண்டே வந்து, இருபது ஆண்டில் மொத்தமாகத் தோற்றிருப்பார்.

*

மகன் கேட்ட அதே கேள்வியை விசிகவின் வரலாறு முழுக்கப் பார்க்கலாம். 1999 வரை அது தேர்தலைப் புறக்கணித்த இயக்கம். சேரி மக்களின் ஓட்டை வாங்கிக்கொண்டு அவர்களை மறந்துவிடும் ஏற்பாட்டில் பங்கெடுக்க மாட்டோம் என்பது அதன் நிலை. அந்த ஆண்டு மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸோடு சேர்ந்து விசிக தலைவர் திருமாவளவன் சிதம்பரத்தில் நின்றார். 2.25 லட்சம் ஓட்டு வாங்கித் தோற்றார். வாக்குப்பதிவை ஒட்டி அந்தத் தொகுதியின் சேரிகளில் வீடுகள் எரிந்தன. தங்களுக்கென்று ஓட்டுப் போட்டவர்கள் கொடுத்த விலை அது.

2009 ஜனவரியில் ஈழப் போரை நிறுத்தக் கோரி, இதே செங்கல்பட்டு வட்டாரத்து மறைமலைநகரில் அவர் உண்ணாவிரதம் இருந்தார். மே மாதம் திமுக, காங்கிரஸ் கூட்டணியில் நின்று சிதம்பரத்தில் வென்றார். மே 13 தமிழகத்தில் வாக்குப்பதிவு; ஒரு வாரத்துக்குள் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்துபோனது. அந்தக் கூட்டணியை இன்றும் மன்னிக்காதவர்கள் உண்டு. வேறு கூட்டணிக்குப் போயிருந்தால் என்ன மாறியிருக்கும் என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. இரண்டு கேள்வியுமே நியாயமானவை. ஒன்று மற்றொன்றைத் தீர்த்துவிடாது.

2016இல் மக்கள் நலக் கூட்டணி, தேமுதிகவையும் தமாகாவையும் சேர்த்துக்கொண்டு நின்றது. ஓர் இடம்கூட இல்லை. காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 வாக்கில் தோற்றார். மாநில அளவில் முதல் இரு அணிகளுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு சதவீத இடைவெளி. மூன்றாவது அணி அமையாமலிருந்தால் ஆட்சி மாறியிருக்கும் என்ற குற்றச்சாட்டு ஐந்து ஆண்டும் ஓயவில்லை. 2021இல் விசிக திமுக அணியில் ஆறு தொகுதிகளை மட்டும் ஏற்றது. ஆனால் உதயசூரியனில் நிற்க மறுத்து, தன் சின்னத்திலேயே நின்று நான்கில் வென்றது. அவற்றில் திருப்போரூரும் நாகப்பட்டினமும் பொதுத் தொகுதிகள். எண்ணிக்கையில் விட்டுக்கொடுத்து அடையாளத்தில் விட்டுக்கொடுக்காத அந்தப் பேரத்தில், கணக்கும் கொள்கையும் ஒரே மேசையில் உட்கார முடியும் என்பதைப் பார்த்தோம்.

2024 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. விசிக இரண்டு எம்.பி. இடங்களை வென்று மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றது. அதே தேர்தலில் நாம் தமிழர் கட்சி ஓர் இடமும் வெல்லாமல், எட்டு சதவீத வாக்கைத் தாண்டி அதே அங்கீகாரம் பெற்றது. 2016இல் அந்தக் கட்சி ஒரு சதவீதத்தை ஒட்டி நின்றது. நடுவே அதற்கு விழுந்த ஒவ்வோர் ஓட்டையும் வீண் என்றுதான் சொன்னார்கள். அந்தக் கட்சியின் அரசியலை ஏற்பதும் மறுப்பதும் தனி விஷயம். வீணான ஓட்டு என்று நாம் சொல்வது ஒரு தேர்தலின் கணக்கு. மூன்று நான்கு தேர்தலைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு வேறாக வரும்.

கணக்குப் பார்க்கிறவர்களின் கணக்கும் எண்ணும் நாளைத் தாண்டிப் போவதில்லை. 2016இல் திருப்போரூர் அதிமுகவைத் தேர்ந்தெடுத்தது. 2017 செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் இந்தத் தொகுதி எம்.எல்.ஏ.வும் ஒருவர். 2019 இடைத்தேர்தல் வரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் தொகுதிக்கு ஆளே இல்லை. அம்மாவுக்கு என்று போட்டவர், திமுக வரக் கூடாது என்று போட்டவர், எல்லோருடைய கணக்கும் ஒரே நாளில் கலைந்தது.

*

கடலுக்கு அப்பால் இந்தக் கேள்விக்குத் தமிழர்கள் கொடுத்த விலை இதைவிடப் பெரியது. 2005 நவம்பரில் இலங்கை ஜனாதிபதித் தேர்தலைப் புறக்கணிக்க விடுதலைப் புலிகள் வழிவகுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இருவர்கூட ஓட்டுப் போடவில்லை. ரணில் விக்கிரமசிங்கவை மகிந்த ராஜபக்ஷ சுமார் 1.8 லட்சம் ஓட்டில் வென்றார். சிங்களத் தலைவர்கள் இருவரும் ஒன்றுதான் என்பது புறக்கணிப்புக்குச் சொல்லப்பட்ட கொள்கை. இருவரும் ஒன்றுதானா என்பதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை வன்னியிலும் யாழிலும் இருந்த சாதாரண மனிதருக்குத் தரப்படவில்லை. முடிவெடுத்தவர் ஒருவர், விலை கொடுத்தவர் பல லட்சம் பேர். எந்தப் பெயரில் வந்தாலும் இப்படிப்பட்ட கொள்கையை நான் ஏற்க மாட்டேன்.

2010 ஜனவரியில், போர் முடிந்து எட்டு மாதத்தில், அதே தமிழர்கள் முன் இரண்டு பெயர்கள் நின்றன. ஒருவர் போரை நடத்திய ஜனாதிபதி ராஜபக்ஷ. மற்றவர் படையை நடத்திய தளபதி சரத் பொன்சேகா. வடக்கிலும் கிழக்கிலும் ஓட்டுப் போடப் போனவர்களில் பெரும்பான்மையினர் பொன்சேகாவுக்குப் போட்டார்கள். தன் ஊர் மீது படையை ஏவியவரின் பெயருக்கு நேரே புள்ளடி போட ஒருவர் எப்படிப்பட்ட மனநிலையில் கையை நீட்டியிருப்பார்! அவர்களைக் கொள்கை இல்லாதவர்கள் என்று சொல்ல நமக்கு வாய் வராது. எல்லாவற்றையும் இழந்தபின் கையில் மிஞ்சிய ஒரே கருவியை, ஒரு குடும்பத்தின் ஆட்சியை நிறுத்தப் பயன்படுமா என்று பார்த்தார்கள். பயன்படவில்லை. ஆனாலும் அந்த முடிவு அவர்களுடையது, விலையும் அவர்களுடையது.

2024 செப்டம்பரில் தமிழ்ப் பொது வேட்பாளராக அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்றார். வெல்லப்போவதில்லை என்று தெரிந்தே நிறுத்தப்பட்டவர். 2,26,343 பேர் அவருக்குப் போட்டார்கள். இலங்கையில் இப்படிப் போடுவதற்கு நம்மிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. முதல் விருப்பத்தை அரியநேத்திரனுக்குத் தந்துவிட்டு, இரண்டாவதையும் மூன்றாவதையும் வெல்லக்கூடியவருக்குத் தரலாம். மனசும் கணக்கும் ஒரே சீட்டில் இடம் பெறலாம். அந்தத் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், அந்த நாட்டு வரலாற்றிலேயே முதல்முறையாக மற்ற விருப்பங்களை எண்ணினார்கள். முதல் இருவருக்கு விழாத ஓட்டுகள் 33 லட்சம். அவற்றிலிருந்து அநுரகுமார திசாநாயக்கவுக்கும் சஜித் பிரேமதாசவுக்கும் வந்து சேர்ந்தவை மொத்தம் 2.73 லட்சம்தான். மற்றவர்கள் ஒரே ஒரு பெயரோடு நிறுத்திவிட்டார்கள், அல்லது இந்த இருவரையும் எழுதவில்லை. வசதியைச் சட்டத்தில் எழுதிவைத்தால் மட்டும் போதாது, அது பழக்கத்தில் வர வேண்டும்.

*

இந்த வசதி இந்தியாவில் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சாதாரணக் குடிமக்களுக்குத்தான் இல்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் விருப்ப வரிசைப்படிதான் ஓட்டுப் போடுகிறார்கள். 1969இல் வி.வி. கிரி வென்றது இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணியபின்தான். நம் பிரதிநிதிக்கு ‘இவர், இவர் இல்லையென்றால் அவர்’ என்று சொல்லும் உரிமை உண்டு. அவரைத் தேர்ந்தெடுக்கும் நமக்கு இல்லை.

அதைவிட மேலான ஒன்றை இந்த மண்ணின் பிள்ளை ஒருவர் லண்டன் வரை போய்க் கேட்டிருக்கிறார். செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர். அந்த வாதங்களின் பயனாக 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளருக்கு இரண்டு ஓட்டு கொடுத்தது. ஒன்று தங்கள் பிரதிநிதியைத் தாங்கள் மட்டும் தேர்ந்தெடுக்க. மற்றது பொதுத் தொகுதியில் எல்லோரோடும் சேர்ந்து போட. முதல் ஓட்டில் யாருடைய தயவையும் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவதில் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் இடங்கள் 71லிருந்து 148 ஆகப் பெருகின. ஆனால் தங்களுக்கென்று மட்டும் இருந்த அந்த முதல் ஓட்டு போய்விட்டது. இன்று காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி தனித் தொகுதி. திருப்போரூர் சட்டமன்றத் தொகுதி அதற்குள்தான் வருகிறது. வேட்பாளர் தலித்தாக இருந்தே ஆக வேண்டும். அவரைத் தேர்ந்தெடுப்பவர்களில் பெரும்பான்மை தலித் அல்லாதவர்கள். திருக்கழுக்குன்றத்து மகன் ‘நமக்குன்னு எப்ப போடறது’ என்று தாயைக் கேட்டபோது, தன் பாட்டன் காலத்தில் கைக்கு வந்து சில வாரங்களில் போன அந்த ஓட்டைத்தான் அவன் கேட்டான். அவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதே காஞ்சிபுரம் தொகுதிக்குள் இருக்கும் உத்திரமேரூரின் கல்வெட்டுகளைத் தேர்தல் பேச்சு வரும்போதெல்லாம் பெருமையோடு சொல்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாத பழைய வாரியத்தாருக்கும் அவர்களின் உறவினருக்கும் இடமில்லை என்ற விதி இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கிறது. ஆனால் நிலமும் மனையும் வேதக் கல்வியும் உள்ளவர்களின் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போகும். அங்கே கொள்கையா கணக்கா என்ற குழப்பமே வராது, ஏனென்றால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பே யாருக்கும் இல்லை. சிறுவனின் கை தீர்மானித்தது. நம் குழப்பம் எல்லோருக்கும் ஓட்டு வந்ததால் வந்த குழப்பம். அதை ஒரு சுமையாக நினைக்காமல் உரிமையின் பகுதியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

*

கொள்கையும் சரி கணக்கும் சரி, எதுவுமே கைகொடுக்காத மக்களும் இங்கே இருக்கிறார்கள். மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியின் நரிக்குறவர், இருளர் குடும்பங்களின் ஓட்டு எந்த வேட்பாளரின் வெற்றியையும் தீர்க்கும் அளவுக்கு இல்லை. 2021இல் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தன்னை விரட்டியதை ஒரு நரிக்குறவப் பெண் கேமரா முன் உரக்கச் சொன்னார். அந்தக் காணொளி ஊரெங்கும் பரவியது. அமைச்சர் வந்து அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த ஆண்டுத் தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற பல பத்தாண்டுக் கோரிக்கை 2023 ஜனவரியில் சட்டமானது. அதற்காகப் போராடியவர்கள் பலர். ஆனால் எத்தனையோ தேர்தல்களில் அவர்கள் போட்ட ஓட்டுகள் கொண்டுவராத பட்டாவையும் சான்றிதழையும், ஒரு பெண் வாய் திறந்து பேசியது கொண்டுவந்தது.

ஓட்டு ஊமை என்று சொன்னேன். அதனால்தான் ஓட்டுக்கு வெளியே பேச வேண்டியிருக்கிறது. என் முடிவை இப்படித் தொகுத்துக்கொள்கிறேன். என் ஓட்டு தோற்றால் நஷ்டம் என் மீதே விழும் என்றால், நான் யாரையும் கேட்காமல் கொள்கைக்குப் போடலாம். அது என் காசு. என் விருப்பம்போல் செலவழிக்கலாம். நஷ்டம் வேறொருவர் மீது விழும் என்றால் அவரிடம் போய்க் கேட்க வேண்டும். திருக்கழுக்குன்றத்துத் தாய் பல்லைக் கடித்துக்கொண்டு கணக்குப் பார்க்கும்போது, அவருடைய வாழ்க்கையை வைத்து நான் என் மனசாட்சியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. அவரே துணிந்து தன் மகனோடு போய்த் தோற்கும் சின்னத்தை அழுத்தினால், ஓட்டைப் பிரிக்கிறார் என்று அவரைத் திட்டும் தகுதியும் எனக்குக் கிடையாது.

கணக்குப் பார்த்துப் போட்டவருக்கு ஒரு கடன் இருக்கிறது. நம்பாமல் போட்டதை வென்றவரின் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அவர் நம்பத் தகாதவராக நடக்கும்போது முதல் எதிர்ப்பு, அவருக்கு ஓட்டுப் போட்டவர்களிடமிருந்தே வர வேண்டும். அதற்கு இடம் இருக்கிறது. நம் ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மீனவர் கேட்கும் தூண்டில் வளைவு, ஏரி வரத்துக் கால்வாய், சுடுகாட்டுப் பாதை, இருளர் மனைப்பட்டா எதையும் அங்கே எழுந்து நின்று கேட்கலாம். தீர்மானமாக எழுதச் சொல்லலாம். எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று மனு போடலாம். அங்கே ஓட்டுப் பிரியும் என்ற பயம் இல்லை. வெல்லுவோமா தோற்போமா என்று பார்க்க வேண்டியதில்லை. மனசில் இருப்பதை முழுசாகச் சொல்லலாம். சொல்கிறவர் பெயரோடு சொல்ல வேண்டும் என்பதுதான் அங்கே கேட்கும் விலை.

அந்தக் கூட்டங்களுக்கு வருவோர் குறைவு. தேர்தல் நாளில் கொள்கைக்காக உருகுகிறவர்களும் கணக்குக்காக மூளையைக் கசக்குகிறவர்களும் அங்கே கண்ணில் படுவதில்லை. இரண்டு ஓட்டு உரிமையையோ விருப்ப வரிசை முறையையோ நமக்கு யாரும் தானாகக் கொண்டுவந்து தரப்போவதில்லை. கேட்கும் கூட்டம் ஒன்று முதலில் உருவாக வேண்டும். அதுவரை, பொத்தானை அழுத்தும் நாளில் விலை கொடுக்கப்போகிறவரின் பேச்சைக் கேட்பதும், மற்ற நாள்களில் அவர் பக்கத்தில் போய் நின்று பேசுவதும் நம்மால் முடிந்த வேலை. இந்த இரண்டையும் செய்கிறவர் எந்தச் சின்னத்துக்குப் போட்டாலும் அவரைக் கொள்கை உள்ளவர் என்றே சொல்வேன்.